கதையும் கல்வெட்டும்: ஆதித்த கரிகாலன் கொலையை முன்வைத்து ஒரு சிந்தனை

வரலாறு கற்பிக்கும் ஆசிரியனுக்கு வரலாற்று நாவலைப் போல உற்ற துணை வேறில்லை. அதனைப் போல உபத்திரவம் தருவதும் வேறில்லை. பாட நூலைத் திறக்க மனமில்லாத மாணவனையும் பழங்காலத்தினுள் இழுத்துச் செல்வது கதை. அங்ஙனம் சென்றவன் அங்கேயே குடியிருந்துவிட, அவனை மீட்டு வருதல் ஆசிரியனுக்குப் பெருந்தொல்லையாய் முடிகின்றது.

சென்ற ஆண்டுத் தவணைப் பரீட்சையில் சோழப் பேரரசின் எழுச்சி பற்றி உயர்தர வகுப்பு மாணவரிடம் ஒரு வினா விடுத்திருந்தேன். ஒரு மாணவன் மிக நேர்த்தியான விடையொன்றை எழுதியிருந்தான். ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையிலே மாண்டான் என்றும், அவன் சாவுக்கு நந்தினி என்பாளின் வஞ்சினமே காரணமென்றும், அக்காலத்தில் அருள்மொழிவர்மர் ஈழத்துப் போரை முடித்துத் திரும்பியிருந்தார் என்றும் அவன் எழுதியிருந்தான். சொல்லிலே தடுமாற்றம் இல்லை. காரண காரியத் தொடர்பும் செம்மையாக இருந்தது. ஆயின் நந்தினி என்றொரு பெண் எந்தச் சாசனத்திலும் இல்லை. கடம்பூர் மாளிகையிற் கொலை நிகழ்ந்ததற்கு எவ்விதச் சான்றும் இல்லை. சிவப்பு மையால் அவ்வரிகளை அடித்துவிட்டு அடுத்த தாளை எடுக்க முற்பட்டபோது, என் மனச்சாட்சி என்னைத் தடுத்தது. உத்தம சோழனே அக்கொலைக்கு உடந்தையாயிருந்தான் என்று பல ஆண்டுகளாக வகுப்பிலே ஐயமின்றிச் சொல்லி வந்தவன் யானே. எனது கூற்றுக்கு இருந்த ஆதாரம் எத்துணை? மாணவன் ஒரு நாவலை நம்பினான்; யான் ஓர் ஊகத்தை நம்பினேன். இருவருள் யார் அதிகம் பிழை செய்தவர்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நாவலும் அதன் காலமும்

கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இயற்றிய ‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு ஒக்ரோபர் தொடக்கம் 1954ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள், ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களைக் கொண்டது. தொடர் முற்றுப்பெற்ற அதே ஆண்டின் டிசெம்பர் மாதத்தில் ஆசிரியரும் மறைந்தார். யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் அவ்விதழ்களின் பக்கங்களைக் கத்தரித்து, தைத்து, மட்டை கட்டி வைத்திருந்தனர். எம் அப்புவின் பெட்டகத்தில் இருந்த அத்தகைய தொகுப்பொன்றையே சிறுவயதில் யானும் வாசித்தேன். இரண்டாம் பாகத்தின் கடைசி ஏடுகளைச் செல் அரித்திருந்தமையால், அவ்விடத்துக் கதையை அப்பு வாய்மொழியாகச் சொல்ல யான் கேட்டறிந்தேன். 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளில் அந்நாவல் இரு பாகத் திரைப்படமாக வெளிவந்தபின், நூலை வாசியாதவரும் அக்கதையை அறிந்தவராயினர். ஆகவே இன்று ஒரு வரலாற்றாசிரியன் சோழர் வரலாற்றைத் தொடங்கும்போது வெற்றுப் பலகையில் எழுதவில்லை. ஏலவே எழுதப்பட்ட பலகையின் மீதே எழுதுகின்றான்.

அரியணையின் சிக்கல்

நாவலைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, உறுதியாக அறியக் கிடப்பவற்றை முதற்கண் நோக்குவாம்.

முதலாம் பராந்தகன் 907 முதல் 955 வரை ஆட்சி செய்தவன். அவன் காலத்தில், 949ஆம் ஆண்டில், தக்கோலத்திலே இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோடு நிகழ்ந்த போரில் சோழரின் பட்டத்து இளவரசன் இராசாதித்தன் யானைமீது அமர்ந்தவாறே உயிர் துறந்தான். ‘ஆனைமேற்றுஞ்சின தேவர்’ எனச் சாசனங்கள் அவனைக் குறிப்பது இதனாலேயாம். அந்த ஒரு சாவு சோழ மரபின் வாரிசு ஒழுங்கைக் குலைத்தது. இராசாதித்தனுக்கு இளையவரான கண்டராதித்தர் பட்டத்துக்கு வந்தார். இவர் தில்லைக் கூத்தன்மீது திருவிசைப்பா பாடிய சிவபத்தர். இவர்தம் தேவியாரே செம்பியன் மாதேவியார். கண்டராதித்தருக்குப்பின் அவர் தம்பி அரிஞ்சயனும், அவனுக்குப்பின் அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனாகிய இரண்டாம் பராந்தகனும் அரசு எய்தினர். சுந்தர சோழன் ஏறத்தாழ 957 முதல் ஆட்சி நடத்திக் காஞ்சியிற் பொன் மாளிகையில் உயிர் நீத்தான். கண்டராதித்தரின் மைந்தன் உத்தம சோழனாகிய மதுராந்தகன், தந்தை மறைந்த காலத்திற் சிறு குழந்தையாயிருந்தமையால் அரசு அவனைக் கடந்து சென்றது என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மூத்தவரின் மகன் என்ற முறையில் மதுராந்தகனுக்கு உரிமை இருந்தது. ஆண்டுகொண்டிருந்தவரின் மகன் என்ற முறையில் ஆதித்த கரிகாலனுக்கும் உரிமை இருந்தது. இரண்டும் நியாயமான உரிமைகளே. நியாயத்துக்கும் அநியாயத்துக்கும் நிகழும் போட்டியைவிட, இரு நியாயங்களுக்கிடையே நிகழும் போட்டி அரசவைகளுக்குப் பெருங்கேடு விளைப்பது. ஆதித்த கரிகாலன் இளமையிலேயே வீரபாண்டியனை வென்று ‘பாண்டியன் தலைகொண்ட’ என்னும் விருதைப் பெற்றவன். தந்தை உயிரோடிருந்த காலத்திலேயே இளவரசுப் பட்டம் எய்தியவன். அத்தகையவன் ஏறத்தாழ 970ஆம் ஆண்டளவிற் கொல்லப்பட்டான். அவனுக்குப்பின் அரசு எய்தியவன் உத்தம சோழன். அவன் 985 வரை ஆண்டான். அதன்பின்னரே அருள்மொழிவர்மன், இராசராசன் என்னும் பெயர் பூண்டு சோழ அரியணையில் அமர்ந்தான்.

உடையார்குடிக் கல்

கொலை நிகழ்ந்தது என்பதை நாம் எவ்வாறு அறிகின்றோம்? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியிலே அனந்தீசுவரர் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டே அதற்குரிய தலையாய சான்று. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது அது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலியோருடையவும் அவர்தம் உறவினருடையவும் உடைமைகள் அரச ஆணைப்படி பறிமுதல் செய்யப்பட்டு, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையின் பொறுப்பில் விற்கப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. அந்நிலத்தின் ஒரு பகுதியை வாங்கியவர் அதனை அறத்துக்கு அளித்தார். அவ்வறத்தைப் பதிவு செய்யும் பொருட்டே கல் வெட்டப்பட்டது.

இதனை மாணவர் நன்கு சிந்தித்தல் வேண்டும். ஓர் இளவரசனின் கொலையை உலகுக்கு அறிவிக்கும் நோக்கத்தோடு அக்கல் எழுந்ததன்று. காணியொன்று கைமாறியதற்குச் சாட்சியாக எழுந்தது. இன்றைய காணி உறுதியில் முன்னைய உரித்தாளரின் பெயர்கள் தொடர்ந்து வருவது போல, அந்நிலம் யாருடையதாயிருந்தது, எக்காரணத்தால் அவர் கையினின்று நீங்கிற்று என்பதைச் சொல்ல நேர்ந்தமையாற் கொலையும் சொல்லப்பட்டது. அந்நிலத்தை அறத்துக்கு அளிப்பார் ஒருவர் வாராதிருந்தால், கொன்றவரின் பெயர்களை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

அரச குடும்பத்தின் சொந்த ஆவணமோ இக்கொலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக்குரிய திருவாலங்காட்டுச் செப்பேடுகள், ஆதித்தன் விண்ணுலகைக் காண விரும்பிச் சென்றான் என நயமாகக் கூறி அமைகின்றன. அதன்பின் மக்கள் அருள்மொழியை அரசேற்க வேண்டினர் என்றும், சிற்றப்பன் முறையினனான மதுராந்தகனுக்கு நாட்டின்மீது ஆசை இருந்தமையால் அருள்மொழி மனத்தாலும் அதனை விரும்பவில்லை என்றும், மதுராந்தகன் அவனிடத்தே திருமாலின் அடையாளங்களைக் கண்டு அவனையே இளவரசனாக்கினான் என்றும் அவை தொடர்கின்றன. நாவலின் உச்சக் காட்சிக்கு வித்து இச்செப்பேட்டிலேயே கிடப்பது வெளிப்படை. ஆயின் இதனை இயற்றியவர் இராசராசனின் மகனுடைய அவைப் புலவர். எழுதிய காலமோ நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிற்பட்டது. வென்ற கிளையின் புகழ் பாடும் நூல், விலகி நின்ற கிளையின் மன்னனை ஆசையுடையவன் என்று சொல்லுமாயின், அச்சொல்லை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது.

அறிஞர் இருவரின் கருத்து

இச்சான்றுகளைக் கொண்டு பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் தமது சோழர் வரலாற்றில் உத்தம சோழன் மீது ஐயம் எழுப்பினார். கொலையாளிகளின் உடைமை பறிக்கப்பட்டமை இராசராசனின் இரண்டாம் ஆண்டிலேயே தெரியவருகின்றது. இடைப்பட்ட உத்தமனின் ஆட்சியில் அவர்கள் தண்டிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. கொலையாற் பயன் பெற்றவனும் அவனே. ஆதலின் அவனுக்கு இதிற் பங்கில்லை எனல் அரிது என்பது அவர் வாதத்தின் போக்கு. ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ எழுதிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இக்கருத்தை ஏற்கவில்லை. உத்தமன்மீது அப்பழி சுமத்துதல் பொருந்தாது என்பது அவர் துணிபு.

யான் வகுப்பிற் சொல்லி வந்தது முன்னவரின் ஐயத்தை. பிழை யாதெனின், அவர் ஐயமாகச் சொன்னதை யான் முடிபாகச் சொன்னேன். இப்பொழுது அவ்வாதத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கையில் மூன்று தடைகள் தோன்றுகின்றன.

முதலாவது: உடையார்குடிக் கல் ஒரு காணி விற்பனையின் காலத்தையே தருகின்றது. அதற்கு முன் தண்டனை ஒன்றும் நிகழவில்லை என அது கூறவில்லை. கிடைத்த கல்லொன்று, அழிந்த கல் எத்தனை என்பதை யார் அறிவார்?

இரண்டாவது: பயன் பெற்றவனே பழிக்குரியவன் என்பது ஐயத்துக்கு வழிகாட்டுமேயன்றித் தீர்ப்புக்கு ஆதாரமாகாது. அவ்வளவைக் கோலைக் கொண்டு அளந்தால், தமையன் மறைவாற் பின்னாளில் அரியணை எய்திய அருள்மொழிவர்மனும் ஐயத்துக்கு உரியவனாவான். அதனை எவரும் எளிதில் ஒப்பார். ஒருவனுக்கு ஒவ்வாத அளவுகோல் மற்றவனுக்கு மட்டும் எவ்வாறு ஒக்கும்?

மூன்றாவது: உத்தமனின் அன்னையார் செம்பியன் மாதேவியார் இராசராசனின் ஆட்சியிலும் பெருமதிப்போடு வாழ்ந்து கோயில்களைக் கற்றளிகளாக்கும் பணியைத் தொடர்ந்தார். உத்தமனின் மைந்தன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனின் ஆட்சியிற் கோயிற் காரியங்களை ஆராயும் பொறுப்பில் இருந்தான். தமையனைக் கொல்வித்தவனின் மகனிடம் அரசன் இத்தகைய பணியை ஒப்படைப்பானா என்பது சிந்திக்கத் தக்கது.

எதிர்வாதமும் இல்லாமலில்லை. அரசியலில் மதிப்பளித்தல் மன்னிப்பின் அடையாளமாகவும் இருக்கலாம். விவேகத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். கொன்றவருள் இருவர் பிரமாதிராசன் என்னும் உயர் விருதைத் தாங்கியவர்கள். அத்தகைய அதிகாரிகளின் உடைமை நீண்ட காலம் தொடப்படாதிருந்ததாயின் அதற்கு விளக்கம் வேண்டும். ‘பஞ்சவன்’ என்பது பாண்டியரைக் குறிக்கும் சொல்லாதலால், வீரபாண்டியனுக்காகப் பழிதீர்த்தவர் இவர் என்று கொள்வாருமுளர். ஆயின் உடன்பிறந்தான் தாங்கிய விருது ‘இருமுடிச்சோழ’ என்பது. பாண்டியரை வென்ற சோழரும் பஞ்சவன் என்னும் பெயரைத் தம் விருதுகளிற் சேர்த்துக்கொண்டதுண்டு. எனவே கல் கொன்றவரின் பெயரைச் சொல்கின்றது, காரணத்தைச் சொல்லவில்லை. அவ்வளவில் நிற்பதே நேர்மை.

நாவலாசிரியர் செய்த தீர்ப்பு

இவ்விடத்தில் நாவலை மீண்டும் கையில் எடுப்போமாயின் வியப்பொன்று காத்திருக்கின்றது. வரலாற்றாசிரியர் ஐயுற்ற உத்தம சோழனை, நாவலாசிரியர் விடுவித்துவிட்டார்.

அதனை அவர் செய்த முறை நுட்பமானது. அரண்மனையில் மதுராந்தகன் என வளர்ந்து அரியணைக்கு ஆசைப்பட்டவன் கண்டராதித்தரின் உண்மை மகன் அல்லன் என்றும், தஞ்சையிலே பூத்தொண்டு செய்து வாழ்ந்த சேந்தன் அமுதனே உண்மையான மைந்தன் என்றும் கதையை அமைத்தார். முடிசூட்டு நாளில் அருள்மொழி அம்முடியைச் சேந்தன் அமுதனுக்கே சூட்டுகின்றான். செப்பேடு கூறும் ஆசை ஒருவனுக்கும், செம்பியன் மாதேவியாரின் திருவயிறு வாய்த்த பெருமை மற்றொருவனுக்கும் ஆயிற்று. முரண்பட்ட சான்றுகள் இரண்டினை ஒரே மனிதனிடத்தில் இசைவிக்க இயலாமல் வரலாற்றாசிரியர் இடர்ப்பட, நாவலாசிரியரோ மனிதனையே இருவராக்கி இடரைத் தீர்த்தார். வரலாற்றிலே இது செல்லாது. ஆயின் அவர் சான்றுகளை அறியாமல் இதனைச் செய்தாரல்லர். நன்கறிந்து, அவை எங்கே முரணுகின்றன என்பதையும் உணர்ந்தே செய்தார். கல்லிற் காணும் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய பெயர்களை அவர் கதையிற் கையாண்டிருப்பதே அதற்குச் சான்று. கரிகாலனின் உயிரைக் குடித்த கை யாருடையது என்பதைக் கதையிலும் முற்றத் தெளிவாக்காது விட்டமை, கல்லின் மௌனத்துக்கு அவர் செய்த மரியாதை என்றே யான் கருதுகின்றேன்.

அதிகாரம் இயங்கும் முறை

அவ்வாறாயின் இத்தகைய நாவலால் வரலாற்று மாணவனுக்கு ஆகும் பயன் யாது?

சாசனம் பெரும்பாலும் முடிவையே பதிவு செய்யும்; அம்முடிவுக்கு முன் அரண்மனையில் நிலவிய அச்சத்தைப் பதிவு செய்யாது. நோயுற்ற மன்னன் படுக்கையிற் கிடக்கும்போது, அவனைக் காண யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் கோட்டைக் காவலனே நாட்டின் உண்மையான ஆட்சியாளனாகின்றான். பொக்கிஷத்தின் திறவுகோலை வைத்திருப்பவன் படைத்தலைவனையும் காத்திருக்கச் செய்கின்றான். சிற்றரசர்கள் நள்ளிரவிற் கூடி அடுத்த அரசனைப் பற்றிப் பேசுகின்றனர்; அவர்தம் பேச்சில் நீதி என்ற சொல் அடிக்கடி வருகின்றது; எண்ணத்திலோ தத்தம் குடும்பத்தின் செல்வாக்கே நிற்கின்றது. பழுவேட்டரையர் இருவரையும் சம்புவரையரையும் கொண்டு நாவல் இவற்றை நம் கண்முன் நிறுத்துகின்றது. உரையாடல்கள் கற்பனை, ஆயினும் அவ்வமைப்புக் கற்பனையன்று. பழுவூர்த் தலைவர்கள் சோழரோடு மணவுறவு கொண்டவர்கள் என்பதை அன்பிற் செப்பேடுகள் உறுதி செய்கின்றன. அரிஞ்சயனின் தாய் அக்குடியிற் பிறந்தவள். பெரு நிலத்தை ஆண்ட சோழர், படைவலியாலும் மணவுறவாலும் தம்மோடு பிணைக்கப்பட்ட இத்தகைய குடிகளைச் சார்ந்தே நின்றனர் என்பதை, ஓர் அதிகாரம் பாடநூலைவிட ஓர் அத்தியாயம் கதை எளிதில் உணர்த்திவிடுகின்றது.

நாவல் தான் தோன்றிய காலத்துக்கும் ஒரு சான்றாகும். சுதந்திரப் போராட்டத்திற் சிறை சென்ற ஒருவர், இந்தியா குடியரசான 1950ஆம் ஆண்டிலே எழுதத் தொடங்கிய கதை இது. கதை வளர்ந்துகொண்டிருக்கும்போதே அந்நாட்டின் முதற் பொதுத் தேர்தலும் நடைபெற்றது. புதிதாகக் கைவந்த அதிகாரத்துக்குப் பலரும் போட்டியிட்ட அந்நாளில், கைக்கெட்டிய முடியைப் பிறர்க்குச் சூட்டும் இளவரசனை அவர் தம் கதையின் சிகரமாக்கினார். பத்தாம் நூற்றாண்டைப் பற்றி அறிய அந்நூலை வாசிப்போர், இருபதாம் நூற்றாண்டின் ஏக்கத்தையும் உடன் அறிந்துகொள்ளலாம்.

நாவல் மறைப்பனவும் உள. கதை வீரநாராயண ஏரிக் கரையில், ஆடிப் பதினெட்டாம் நாளில், வந்தியத்தேவனின் குதிரையோடு தொடங்குகின்றது. அவ்வேரி நீரால் விளைந்த நிலங்களையும், அவற்றை அளந்து, வரி வகுத்து, விற்று, உறுதி எழுதிய ஊர்ச்சபையையும் கதையில் நாம் அதிகம் காண்பதில்லை. கொலையாளிகளின் காணியை விற்ற சபை அவ்வூர்ச்சபையே; கொலையைச் சொல்லும் கல் இருப்பதும் அவ்வட்டாரத்திலேயே. குதிரைவீரன் கடந்து போன கரையின் அருகில்தான் வரலாற்றின் திறவுகோல் கிடந்தது.

ஈழத்து வாசகனின் கடன்

ஈழத்தில் வாழும் நமக்கு இந்நூலை வாசிப்பதிற் பிறிதொரு பொறுப்பும் உண்டு. கதையிலே இளம் அருள்மொழி ஈழத்துப் படைக்குத் தலைமை தாங்குகின்றான். அநுராதபுரத்து விகாரைகளைச் செப்பனிடச் செய்கின்றான். பிக்குகள் அளிக்க முன்வந்த இலங்கை முடியையும் மறுக்கின்றான். மனத்தைக் கவரும் காட்சிகள். எனினும் அரசு எய்துவதற்கு முன் அவன் ஈழத்துக்கு வந்ததற்குச் சான்றில்லை. சுந்தர சோழன் காலத்தில் இங்கு வந்த படைக்குத் தலைமை தாங்கியவன் கொடும்பாளூர்ப் பராந்தகன் சிறிய வேளான். அவன் ஈழத்துப் போரிலேயே பட்டான். நான்காம் மகிந்தனின் சேனாபதி சேனன் சோழப் படையை எதிர்த்து வென்றமையைச் சூளவமிசம் கூறுகின்றது.

பின்னர் 993ஆம் ஆண்டளவில் இராசராசனின் படை இங்கு வந்தபோது நிகழ்ந்தது வேறு. நெடுங்காலம் தலைநகராயிருந்த அநுராதபுரம் அழிவுற்றது. ஈழத்தின் வடபகுதி மும்முடிச்சோழ மண்டலமாயிற்று. பொலன்னறுவை சோழரின் தலைநகராயிற்று. 1017ஆம் ஆண்டில், இராசேந்திரன் காலத்தில், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டான். அங்கேயே 1029இல் இறந்தான். விகாரைகள் கொள்ளையிடப்பட்டதைச் சூளவமிசம் வேதனையோடு கூறுகின்றது. அதே சோழர் காலத்திலேதான் திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரோடு தமிழ்ப் பௌத்தரின் கொடைகளைப் பெற்று விளங்கிற்று. இரண்டும் மெய். ஒன்றை மட்டும் சொல்லுகின்றவன், எவ்வினத்தைச் சார்ந்தவனாயினும், பாதி வரலாற்றையே சொல்லுகின்றான். கதையின் அருள்மொழியை நேசிக்க நமக்கு உரிமையுண்டு. அந்நேசத்தைச் சான்றாக நீட்ட உரிமையில்லை.

பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் வானவன் மாதேவி ஈச்சரத்தைக் காணச் செல்லும் மாணவர், அப்பெயரைக் கேட்டவுடன் கதையில் வரும் சுந்தர சோழரின் தேவியாரை நினைவுகூர்வர். இராசராசனின் அன்னையார் பெயர் வானவன் மாதேவி என்பது உண்மையே. ஆயின் இராசேந்திரனின் அன்னையாருக்கும் அப்பெயர் உண்டு. பெயரொன்றைக் கண்ட மாத்திரத்தே முடிபு செய்யலாகாது என்பதற்கு, நம் நாட்டுக் கற்றளியே நல்லாசானாய் நிற்கின்றது.

பிற நாட்டு அநுபவம்

இவ்விடர் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1483 முதல் 1485 வரை இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் றிச்சாட் மன்னன், சேக்ஸ்பியரின் நாடகத்தாற் கூனனாகவும் கொடியவனாகவும் உலகெங்கும் அறியப்பட்டான். அவனை வீழ்த்திய மரபின் ஆட்சியில் எழுந்த வரலாறுகளே நாடகத்துக்கு மூலம். 1951ஆம் ஆண்டிலே யோசபின் ரே என்னும் பெண் எழுத்தாளர் துப்பறியும் நாவலொன்றின் வாயிலாக அவ்வழக்கை மீள விசாரித்து, பல்லாயிரம் வாசகரைச் சிந்திக்கச் செய்தார். 2012ஆம் ஆண்டில் லெஸ்ரர் நகரத்து வாகனத் தரிப்பிடமொன்றின் அடியில் அவன் எலும்புகள் வெளிப்பட்டன. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தமை உண்மை. நாடகம் கூறிய சூம்பிய கை அவனுக்கு இருக்கவில்லை. ஒரு கதை சுமத்திய பழியை மற்றொரு கதை ஐயுற்றது. இறுதியில் மண்ணே ஒரு பகுதிக்கு விடை பகர்ந்தது. உருவத்தைப் பற்றிய வினா தீர்ந்தது. கொலைகளைப் பற்றிய வினா தீரவில்லை.

முடிவுரை

ஆகவே வரலாற்று நாவலை வாசிக்கும் மாணவர்க்கு யான் இப்போது மூன்று வினாக்களைக் கொடுத்து வருகின்றேன். இந்நிகழ்ச்சியை முதலிற் கூறியவர் யார்? எதன்பொருட்டுக் கூறினார்? அவர் கூறாது விட்ட இடத்தை நிரப்பியவர் யார்? நாவலுக்கு மட்டுமன்றிச் செப்பேட்டுக்கும், பேராசிரியரின் நூலுக்கும், வகுப்பிலே பேசும் ஆசிரியனுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

அம்மாணவனை அழைத்து உடையார்குடிக் கல்வெட்டின் செய்தியை எடுத்துரைத்தேன். அமைதியாகக் கேட்டபின், “அப்படியெண்டால் உண்மையில் ஆர் சேர் கொண்டது?” என்று வினவினான். கொன்றவரின் பெயர் உண்டு, கொல்வித்தவர் உண்டா என்பது தெரியாது, உத்தம சோழன் என்று யான் இதுவரை சொல்லி வந்தது தக்க ஆதாரமில்லாதது என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். மறுநாள் அதனையே வகுப்பு முழுவதற்கும் கூறி, பாடக் குறிப்பிலிருந்த வரியை அடித்துவிடச் செய்தேன்.

இறந்தவர் நம்முன் வந்து தம் பக்கத்தை எடுத்துரைக்க வல்லரல்லர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மன்னனைக் கொலைகாரன் என்று சொல்வதாற் கேட்பார் எவரும் இல்லையென நினைத்தல் வேண்டாம். சான்றின்றி ஒருவன்மீது பழி சொல்லப் பழகிய நாவு, இறந்தவரோடு நின்றுவிடுவதில்லை. அயலவன் மீதும் அயலினத்தின் மீதும் அவ்வாறே சொல்லத் துணியும். கதையை வாசித்து மகிழ்க. மகிழ்ந்தபின் கல்லிடம் சென்று கேட்க. கல் பேசாத இடத்தில் நாமும் பேசாதிருக்கப் பழகுக. வரலாறு கற்றலால் நாம் பெறும் ஒழுக்கம் இதுவேயாகும்.